குனிந்தால் சுகம், நிமிர்ந்தால் வலி: இடுப்புத் தண்டுவடச் சுருக்கம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகு நோயாளிகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். வயதான அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றைத் தொகுத்து, பதிலும் எழுதியிருக்கிறேன். முதுகு நிற்கும் வாகுக்கும் கால் வலிக்கும் என்ன தொடர்பு என்பதுதான் பெரும்பாலும் பேச்சு.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘லம்பார் கெனால் ஸ்டெனோசிஸ்’ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் என்ன?

முதுகெலும்பு ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு வளையம் உண்டு. எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் வளையங்கள் சேர்ந்து ஒரு குழாயாகிவிடுகின்றன. தண்டுவடம் அதற்குள்தான் இறங்கி வருகிறது. ஆனால் இடுப்பின் அடிவரைக்கும் வருவதில்லை. இடுப்பெலும்புகள் ஐந்தில் முதலாவது, இரண்டாவதுக்கு நேரே முடிந்துவிடும். அதற்குக் கீழே குழாய்க்குள் இருப்பவை கால்களுக்கும் மூத்திரப்பைக்கும் போகும் நரம்பு வேர்கள். கொத்தாகத் தொங்குவதால் அதற்குக் குதிரைவால் என்றே பெயர். ‘தண்டுவடமே நசுங்கிவிட்டது’ என்று பயந்துகொண்டு வருபவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

வயதாக ஆக இந்தக் குழாய் எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கப்படுகிறது. ரிப்போர்ட் சொல்லும் ‘ஸ்டெனோசிஸ்’, அதாவது சுருக்கம், இதுதான். எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் முன்னாலிருந்து பிதுங்கும். பின்னால் இரண்டு ஓரங்களிலும் உள்ள ஃபேசட் மூட்டுகள் தேய்ந்து தடிக்கும். பின்சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் நிறத் தசைநாரும் தடித்துப்போகும். நான்காவது, ஐந்தாவது இடுப்பெலும்புகளுக்கு நடுவில்தான் இது அதிகம். ரிப்போர்ட்டில் எல்4–எல்5 என்று இருக்கும்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து நரம்பியல் அறுவை மருத்துவர் ஹென்க் ஃபெர்பீஸ்ட் 1954-இல் இதைத் தெளிவாக விவரித்து எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாகப் பார்க்கத் தொடங்கியது. குழாயின் முன்பின் அகலம் 10 மி.மீ.க்குக் குறைந்தால் முழுச் சுருக்கம், 10 முதல் 12 வரை ஓரளவு சுருக்கம் என்று வகுத்ததும் அவர்தான். இன்றைக்கு நரம்பு வேர்களை மூடியிருக்கும் பை எவ்வளவு பரப்பு விரிந்திருக்கிறது, உள்ளே நரம்புகளைச் சுற்றி நீர் தெரிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அப்பா நூறு அடி நடந்ததும் நின்றுவிடுகிறார். கொஞ்சம் உட்கார்ந்தால் மறுபடி நடக்கிறார். இது என்ன விதமான வலி?

இந்த நோயின் அடையாளமே அதுதான். பின்பக்கத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வரைக்கும் கனம், மதமதப்பு, எரிச்சல், இழுப்பு. சிலர் ‘காலில் ஈயத்தைக் கட்டிவிட்ட மாதிரி’ என்பார்கள். பெரும்பாலும் இரண்டு கால்களிலும் வரும். நின்றாலும் வரும், நடந்தாலும் வரும். உட்கார்ந்தால் சில நிமிடங்களில் போய்விடும்.

வழியில் நிற்க வெட்கப்படுபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிவார்கள். பெட்டிக்கடைப் பலகையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு வேண்டாத ஒன்றை விலை கேட்பார்கள். நோயைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல குறிப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

குனிந்தால் ஏன் வலி குறைகிறது?

சட்டைக் கையை மடிக்காமல் அப்படியே முழங்கைக்கு மேலே தள்ளிப்பாருங்கள். துணி சுருங்கிச் சுருங்கி வளையம் வளையமாக நிற்கும். கீழே இழுத்துவிட்டால் வழவழவென்று ஆகிவிடும். குழாயின் பின்சுவரில் இருக்கும் மஞ்சள் தசைநாரும் அப்படித்தான். நிமிர்ந்து பின்னால் சாயும்போது எலும்புகளின் பின்பகுதிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. தசைநார் தளர்ந்து, மடிந்து, குழாய்க்குள் துருத்துகிறது. டிஸ்க்கும் பின்பக்கமாகக் கொஞ்சம் பிதுங்கும். குனியும்போது தசைநார் நீண்டு இறுகி, சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. நரம்பு வேர் வெளியே வரும் பக்கத்துத் துவாரமும் அகலமாகிறது. இறந்தவர்களின் முதுகெலும்பில் அளந்து பார்த்தபோது, நேராக இருக்கும் நிலையிலிருந்து குனிந்தால் குழாயின் இடம் கூடுவதும் பின்னால் வளைந்தால் குறைவதும் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் என்று வந்தது. கேட்பதற்குச் சின்ன எண். ஏற்கெனவே இடமில்லாத குழாயில் அதுதான் எல்லாமே.

குழாய்க்குள் மெல்லிய அழுத்தமானியைச் செருகி ஜப்பானில் அளந்திருக்கிறார்கள். படுத்திருக்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் அழுத்தம் குறைவு. நின்றால் கூடுகிறது. நின்றபடி பின்னால் வளைந்தால் இன்னும் ஏறுகிறது, முன்னால் குனிந்தால் சட்டென்று இறங்குகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அது ஏறி இறங்குகிறது. அழுத்தம் கூடினால் நரம்பு வேர்களைச் சுற்றியுள்ள சிறு ரத்தக் குழாய்களில் ஓட்டம் தேங்கும். வேலை செய்யும் நரம்புக்கு ரத்தம் போதாது. கால் கனக்கிறது.

வீட்டு வேலையிலும் இதைப் பார்க்கலாம். குனிந்து அரைமணி நேரம் கோலம் போடுவதற்கு ஒன்றும் செய்யாது. கொடியில் துணி உலர்த்தக் கையைத் தூக்கினால், பரணிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுக்க அண்ணாந்தால், கால் மரத்துவிடும். கடையில் டிராலியைத் தள்ளிக்கொண்டு எவ்வளவு நேரமும் சுற்றலாம். வெறுங்கையோடு பஸ் ஸ்டாப்பில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. ‘மலைக்கோயில் படி ஏறும்போது தெரியலைங்க, இறங்கும்போதுதான் ஆளையே கொல்லுது’ என்று ஓர் அம்மா சொன்னார். ஏறும்போது உடம்பு முன்னால் சாயும், இறங்கும்போது பின்னால் சாயும். அவ்வளவுதான் விஷயம்.

‘அலைன்மென்ட்’ என்று டாக்டர் சொல்கிறார். முதுகு நேராக இருப்பதா?

இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் முதுகு நேராக இருக்கவே கூடாது. கழுத்து உள்ளே வளையும், நெஞ்சுப்பகுதி வெளியே, இடுப்பு மறுபடியும் உள்ளே. இந்த மூன்று வளைவுகளும் ஒன்றையொன்று ஈடுகட்டித் தலையை இடுப்புக்கூட்டுக்கு மேலே நிறுத்துகின்றன. பிரெஞ்சு எலும்பு மருத்துவர் ழான் துபூசே இதைக் கவிழ்த்துவைத்த கூம்பாக விளக்கினார். பாதம் கூம்பின் நுனி. உடம்பு அந்தக் கூம்புக்குள் ஆடிக்கொண்டிருக்கும்வரை தசைகளுக்கு அதிக வேலையில்லை. வெளியே சாய்ந்தால் நிற்பதற்கே சக்தி செலவாகும்.

இதை அளக்கும் முறை கொத்தனாரின் தூக்குக்குண்டுதான். நின்றபடி எடுத்த முழுநீள எக்ஸ்ரேயில், கழுத்தின் ஏழாவது எலும்பிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு விழவேண்டும். அது, இடுப்பெலும்புகள் ஐந்துக்கும் அடியில் இருக்கும் முக்கோண எலும்பான திரிகத்தின் பின் மேல்முனைக்கு எவ்வளவு முன்னால் விழுகிறது என்று பார்ப்பார்கள். இதற்கு எஸ்.வி.ஏ. என்று பெயர். 5 செ.மீ.க்கு மேல் முன்னால் விழுந்தால் உடம்பு முன்சாய்ந்திருக்கிறது என்று கணக்கு.

இன்னொன்று ‘பெல்விக் இன்சிடென்ஸ்’. இடுப்புக்கூட்டின் வடிவத்தைச் சொல்லும் கோணம் இது. வளர்ந்து முடிந்த பிறகு நின்றாலும் உட்கார்ந்தாலும் மாறாது, ஆளுக்கு ஆள் மட்டும் மாறும். சராசரி 50 டிகிரியை ஒட்டி வரும். 35 உள்ளவரும் உண்டு, 80 உள்ளவரும் உண்டு. இடுப்பின் உள்வளைவு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 10 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. ஒருவருக்கு இடுப்புக்கூட்டுக் கோணம் 55, வளைவு 30 என்றால் 25 டிகிரி குறைகிறது. அதே 30 டிகிரி வளைவு, கோணம் 38 உள்ளவருக்குப் போதும். ‘உங்கள் முதுகு தட்டையாகிவிட்டது’ என்று வளைவை மட்டும் பார்த்துச் சொல்வது அரைகுறைப் பேச்சு.

அப்பா கூன் போட்டு நடப்பதால்தான் இந்த வலி வந்ததா? நிமிர்ந்து நடக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

தயவுசெய்து நிறுத்துங்கள்.

பெரும்பாலான சமயங்களில் கூன் நோயைக் கொண்டுவரவில்லை, நோய்தான் கூனைக் கொண்டுவந்தது. நரம்புக்கு இடம் வேண்டும் என்பதால் உடம்பு தானாகவே முன்னால் சாய்ந்துகொள்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரே கண்டுபிடித்த வைத்தியம் அது. ‘நேரா நட, நேரா நட’ என்று பின்னாலிருந்து சொல்லும் ஒவ்வொரு முறையும், அவர் கஷ்டப்பட்டுத் திறந்துவைத்த இடத்தை மூடச் சொல்கிறோம். வீட்டில் எல்லோரும் அன்பால்தான் சொல்கிறார்கள், தெரியும். என் அம்மாவுக்கு இதே நோய் வந்தபோது, இதெல்லாம் படித்த நானே இரண்டு மாதம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்த வைத்தியத்துக்கு ஒரு விலை உண்டு. உடம்பு முன்னால் சாய்ந்தால் தலையும் நெஞ்சும் கீழே விழாமல் பிடித்திருக்க முதுகுத் தசைகள் நாள் முழுவதும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். மாலையில் இடுப்பு இற்றுப்போன மாதிரி வலிக்கும். ஆக, ஒரே ஆளுக்கு இரண்டு வலிகள். கால் வலி நரம்பு நெருக்கத்தால் வருவது, நிமிர்ந்தால் கூடும். இடுப்பு வலி தசை அலுப்பால் வருவது, குனிந்தே இருந்தால் கூடும். இரண்டையும் கலந்து ‘எனக்கு எப்படி இருந்தாலும் வலிக்குது’ என்பார்கள். பிரித்துக் கேட்டால்தான் தெளிவாகும்.

கூனின் அளவுக்கும் கால் வலியின் அளவுக்கும் நேர்க்கணக்கு கிடையாது. 8 செ.மீ. முன்சாய்ந்து கிலோமீட்டர் கணக்கில் நடப்பவரும் உண்டு. கோடு கச்சிதமாக விழுந்தும் நூறு அடி தாண்டாதவரும் உண்டு. முன்சாய்வு கூடக்கூட வலியும் முடக்கமும் கூடும் என்று 2005-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வைப் பலரும் காட்டுவார்கள். அது முதுகு கோணலான பெரியவர்களைப் பற்றியது. சுருக்கம் உள்ளவர் விரும்பிச் சாய்வதையும், கோணல் உள்ளவர் தாங்கமுடியாமல் சாய்வதையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பது என் கருத்து.

அப்படியானால் விரும்பிச் சாய்வதா, தாங்கமுடியாமல் சாய்வதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான்.

முதுகு உண்மையிலேயே தட்டையாகிவிட்டவரின் உடம்பு நிமிர்ந்து நிற்கப் போராடும். இடுப்புக்கூட்டைப் பின்னால் உருட்டும், பின்பக்கம் தட்டையாகத் தெரியும். அது போதாவிட்டால் முழங்காலை மடக்கும். எக்ஸ்ரேயில், இடுப்புக்கூடு எவ்வளவு பின்னால் உருண்டிருக்கிறது என்று காட்டும் ‘பெல்விக் டில்ட்’ என்ற கோணம் 20, 25-ஐத் தாண்டியிருக்கும். சுருக்கம் மட்டும் உள்ளவரின் உடம்பு அப்படிப் போராடுவதில்லை, தன்னை முன்னால் விட்டுக்கொடுக்கிறது. இடுப்புக்கூடு அவ்வளவாக உருண்டிருக்காது. தட்டையாவது ரொம்ப அதிகமாகிவிட்டால் இரண்டு வகையும் ஒரே மாதிரி ஆகிவிடும் என்பதையும் சொல்லவேண்டும்.

எக்ஸ்ரே இல்லாமலும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். நான் செய்வது இது. தலையணை இல்லாமல் கட்டிலில் மல்லாக்கப் படுக்கச் சொல்வேன். தலையும் முதுகும் படுக்கையில் படிந்து, காலும் நீண்டுவிட்டால் கூன் இறுகவில்லை. தலை அந்தரத்தில் நின்றால், எலும்பே அந்த வடிவத்துக்கு வந்துவிட்டது. தொடை கட்டிலில் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றால், இடுப்பு மூட்டின் முன்பக்கத் தசை இறுகியிருக்கிறது. இந்தக் கடைசி ஆளைப் பலர் கவனிப்பதில்லை. தொடை பின்னால் போகாததால், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் இடுப்பைப் பின்னால் வளைத்துத்தான் காலைப் பின்னுக்கு அனுப்புகிறார். அந்த வளைப்பு நேராகக் குழாயைத்தான் நெருக்கும். தசையை நீட்டிவிட்டாலே கொஞ்ச தூரம் கூடுதலாக நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், நடையின் தொடக்கத்தைப் பாருங்கள். காலையில் முதல் இருபது அடிக்கு நிமிர்ந்து நடந்து, போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தால், அது பெரும்பாலும் நரம்புக்கு இடம் தேடிப்போகிற சாய்வு அல்லது தசை அலுப்பு. முதல் அடியிலேயே கூன் இருந்து, உட்கார்ந்தாலும் அது மாறாவிட்டால் எலும்பின் கூன்.

முழுநீள எக்ஸ்ரே எடுக்கும்போது எப்படி நிற்கவேண்டும்?

இயல்பாக. ‘டாக்டர் பார்க்கிறாரே’ என்று விறைத்து நிற்கக் கூடாது. கைகள் மறைக்காமல் இருக்க விரல்களை மடக்கித் தோளெலும்பின் மேல் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். முழங்காலை நீட்ட முடிந்த அளவு நீட்டவேண்டும். பெரிய மையங்களில் ஈஓஎஸ் என்ற கருவியில் தலை முதல் கால் வரை ஒரே தடவையில் எடுத்துவிடுவார்கள். நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு இயற்பியலாளர் ழார்ஜ் ஷார்பாக் கண்டுபிடித்த துகள் உணர்விகள்தான் அதற்கு அடிப்படை. கதிர்வீச்சும் குறைவு.

ஸ்கேனில் ‘கடுமையான சுருக்கம்’ என்று இருக்கிறது, அம்மாவுக்கு வலியே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ‘லேசான சுருக்கம்’தான், ஆனால் நடக்கமுடியவில்லை. எது சரி?

இரண்டும் சரி. முதுகுவலியோ கால்வலியோ இல்லாத 67 பேரைப் படம் எடுத்த ஓர் ஆய்வு 1990-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சுருக்கம் தெரிந்தது. படத்தை வைத்து மட்டும் யாரையும் நோயாளியாக்க முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்துக்குக் காரணம் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முறை. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு திண்டையும் வைத்துவிடுகிறார்கள். அந்த நிலையில் இடுப்பின் வளைவு குறைந்து குழாய் அகன்றுவிடும். அவருக்கு வலி வருவது நிற்கும்போது, படம் எடுப்பதோ வலி இல்லாத நிலையில். திருடன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சோதனை போடுவது போல. படுத்தபடியே கால்களிலிருந்து மேல்நோக்கி அழுத்தம் கொடுத்து எடுக்கும் முறையும், நின்றபடி எடுக்கும் கருவிகளும் இருக்கின்றன, எல்லா ஊரிலும் கிடைக்காது. நின்றபடி, குனிந்தபடி, வளைந்தபடி எடுத்த சாதாரண எக்ஸ்ரேக்கள் அதில் பாதித் தகவலைச் சொல்லிவிடும்.

எலும்பு நழுவியிருக்கிறது என்றும், முதுகு பக்கவாட்டில் கோணியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் வலிக்கும் தொடர்பு உண்டா?

நழுவல் பெரும்பாலும் எல்4–எல்5-இல்தான், பெண்களுக்கு அதிகம். மேல் எலும்பு முன்னால் சரியும்போது அதன் பின்வளையமும் சேர்ந்து வந்து குழாயைக் கிள்ளுகிறது. மேலே சொன்ன இடுப்புக்கூட்டுக் கோணம் இவர்களுக்குச் சராசரியைவிட அதிகமாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கோணம் பெரிதானால் திரிகத்தின் மேல்தளம் சரிவாகிறது. சரிவில் வைத்த பாத்திரம் நழுவுகிற மாதிரிதான்.

பக்கவாட்டுக் கோணலில், எந்தப் பக்கம் மடிகிறதோ அந்தப் பக்கத்து நரம்புத் துவாரங்கள் நெருக்கப்படும். அதனால் வலி ஒரு காலில் மட்டும் வருவதுண்டு. எதிர்ப்பக்கம் சாய்ந்து கைத்தடி ஊன்றினால் குறைவதும் உண்டு. ஒற்றைக் கால் வலிக்காரர் சற்றுச் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று கவனியுங்கள்.

கால் வலி என்றால் ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாமே?

இருக்கலாம். சர்க்கரை நோயும் புகைப் பழக்கமும் உள்ளவரென்றால் கட்டாயம் யோசிக்கவேண்டும். ரத்தக்குழாய் அடைப்பென்றால் நின்றாலே வலி போய்விடும், உட்காரவோ குனியவோ வேண்டியதில்லை. மேட்டில் ஏறினால் கூடும். பாதத்தில் நாடி மங்கலாக இருக்கும். சைக்கிள் ஓட்டினாலும் கெண்டைக்கால் பிடிக்கும். தண்டுவடச் சுருக்கக்காரர் ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்துகொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வருவார். இரண்டும் சேர்ந்தும் வரும் என்பதால் பாத நாடியைத் தொட்டுப் பார்க்காத பரிசோதனை முழுப் பரிசோதனை இல்லை.

என்ன பயிற்சி செய்யலாம்? யோகா செய்யலாமா?

மல்லாக்கப் படுத்து ஒரு முழங்காலை, பிறகு இரண்டையும் நெஞ்சுக்கு இழுப்பது. வயிற்றை உள்ளிழுத்து இடுப்பைப் படுக்கையில் அழுத்துவது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. தொடையின் முன்பக்கத் தசையை நீட்டுவது. நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் ஓட்டுவது. யோகாவில் பாலாசனம், பவனமுக்தாசனம் நல்லவை. முதுகைப் பின்னால் வளைக்கும் புஜங்காசனம், தனுராசனம், சக்கராசனம் வேண்டாம். முதுகுவலி என்றதும் புஜங்காசனம் செய்யச் சொல்லும் வீடியோக்கள் குவிந்துகிடக்கின்றன. டிஸ்க் பிதுங்கிய இளைஞருக்கு அது ஒருவேளை உதவலாம், உங்கள் தாத்தாவுக்கு உதவாது.

ஓர் எச்சரிக்கை. எலும்புப்புரை, அதாவது எலும்பு பலமிழந்துபோகும் ஆஸ்டியோபோரோசிஸ் உள்ளவர்கள் முன்னால் மடங்கும் பயிற்சிகளைக் கேட்காமல் செய்யக் கூடாது. எலும்பு நொறுங்கிவிடலாம்.

நடை எவ்வளவு? வலி வந்தபிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பதால் லாபமில்லை. வலி தொடங்கும் தூரத்துக்குக் கொஞ்சம் முன்னால் உட்கார்ந்து, மறுபடி நடந்து, இப்படி நாளைக்கு நாலைந்து தடவை. கைப்பிடி உள்ள உருளை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வெட்கமென்றால் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள். கிராமத்தில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

எப்படிப் படுப்பது?

ஒருக்களித்து, முழங்காலை மடக்கி. குப்புறப் படுக்கவேண்டாம்.

முதுகில் போடும் ஊசி பலன் தருமா?

அமெரிக்காவில் 400 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டீராய்டு கலந்து போட்டதற்கும், மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டதற்கும் ஆறு வாரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிலருக்குத் தற்காலிக ஆறுதல் கிடைக்கிறது. வரிசையாகப் போட்டுக்கொண்டே போவதை நான் ஆதரிப்பதில்லை.

ஆபரேஷன் என்றால் ஸ்க்ரூ போட்டே ஆகவேண்டுமா?

அடிப்படை ஆபரேஷன், குழாயை நெருக்கும் எலும்பையும் தசைநாரையும் செதுக்கி எடுப்பது. ஸ்க்ரூ போட்டு எலும்புகளை இணைப்பது அதற்கு மேல் ஒரு படி. 2016-இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வில் 247 பேர். செதுக்குவது மட்டும் செய்தவர்களும் இணைப்பும் சேர்த்துச் செய்தவர்களும் இரண்டு வருடம் கழித்து ஒரே அளவில்தான் இருந்தார்கள். 2021-இல் நார்வேயில், எலும்பு நழுவிய 267 பேரிடமும் செதுக்குவது மட்டும் போதுமானதாகவே இருந்தது. ஸ்வீடன் ஆய்வு வந்த அதே வருடம் 66 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு ஒன்று, இணைத்தவர்களுக்குச் சற்றுக் கூடுதல் நன்மை என்றது. ஆக, எல்லோருக்கும் ஸ்க்ரூ என்பதும் தவறு, யாருக்குமே வேண்டாம் என்பதும் தவறு. பெரிய கோணல், ஆடிக்கொண்டிருக்கும் எலும்பு, இறுகிப்போன முன்சாய்வு உள்ளவர்களின் கணக்கு வேறு.

இணைப்பதென்றால் எந்த வளைவில் இணைக்கிறார்கள் என்பது முக்கியம். பக்கவாட்டுக் கோணலை நிமிர்த்த ஹாரிங்டன் கம்பி என்ற உலோகக் கம்பியை முதுகில் பொருத்திய காலத்தில் முதுகை இழுத்து நீட்டி, கீழ்முதுகு வரை பூட்டினார்கள். பக்கவாட்டுக் கோணல் சரியானது, இடுப்பின் உள்வளைவு போய்விட்டது. வருடங்கள் கழித்து அவர்களில் பலர் முன்னால் சாய்ந்து, முழங்காலை மடக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த அனுபவம்தான் இன்றைக்கு டிகிரி கணக்குப் பார்க்கவைக்கிறது. டாக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள்: ‘நின்றபடி எடுத்த முழுநீளப் படம் பார்த்தீர்களா?’

ஸ்க்ரூ போடாமல் செதுக்கினால் கூன் அப்படியே இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. செதுக்குவது மட்டும் செய்துகொண்டவர்களை ஜப்பானில் முன்னும் பின்னும் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பலருக்குத் தூக்குக்குண்டுக் கோடு தானாகவே பின்னால் வந்தது, இடுப்பின் வளைவு கூடியது. யாரும் முதுகை நிமிர்த்தவில்லை. நரம்புக்கு இடம் கிடைத்ததும் சாய்ந்து நிற்கவேண்டிய தேவை போய்விட்டது. தொடக்கத்திலேயே ரொம்பச் சாய்ந்திருந்தவர்களுக்கும் எலும்பே தட்டையாகிவிட்டவர்களுக்கும் அந்த அளவுக்கு நடப்பதில்லை. கால் வலி போகும், இடுப்பு வலி மிஞ்சும். இதை ஆபரேஷனுக்கு முன்பே பேசிவைத்துக்கொண்டால் பிறகு மனக்கசப்பு வராது.

ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விழுந்துவிடுமா?

இப்படிப் பயமுறுத்துபவர்களிடமிருந்து தள்ளியிருங்கள். லேசான, நடுத்தரச் சுருக்கம் உள்ளவர்களில் பலர் வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறார்கள், சிலர் தேறவும் செய்கிறார்கள். திடீரென்று மோசமாவது அபூர்வம்.

ஆனால் அந்த அபூர்வத்தைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும். மூத்திரம் வராமல் நின்றுபோவது, அல்லது அறியாமல் போய்விடுவது. சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் மரத்துப்போவது. பாதம் தூக்கமுடியாமல் செருப்பு தானாகக் கழன்றுவிழுவது. இவற்றில் முதல் இரண்டில் எது வந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்கு. மூன்றாவது என்றால் ஓரிரு நாளுக்குள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்ன சொல்லவேண்டும்?

‘ரொம்ப வலி’ என்பதை விட்டுவிட்டு இதைக் கவனித்துக்கொண்டு போங்கள். வீட்டு வாசலிலிருந்து எத்தனையாவது கரண்ட் கம்பத்தில் நிற்கிறார்? நின்றால் போதுமா, உட்கார்ந்தே ஆகவேண்டுமா? எத்தனை நிமிடத்தில் மறுபடி கிளம்புகிறார்? எந்தக் கால் முதலில்? வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் அந்தக் கம்பத்தைத் தாண்டுகிறாரா? செல்போனில் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், கிளம்பும்போது பத்து விநாடி, நிற்பதற்குச் சற்று முன் பத்து விநாடி. அவருக்குத் தெரியாமல் எடுத்தால் இன்னும் நல்லது. தெரிந்தால் நிமிர்ந்துவிடுவார்.